காவல் கடன்

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். உரிமம் பெற்ற துப்பாக்கிகளை உடனே ஒப்படைக்க வேண்டும் என்று கமிஷனர் அலுவலகமோ கலெக்டர் அலுவலகமோ அறிக்கை விடும். அடுத்த சில நாட்களில் பழைய போர்வையிலோ கித்தான் உறையிலோ சுற்றிய நீளமான பொருளுடன் வயதான சிலர் ஸ்டேஷன் படியேறுவார்கள். பெரும்பாலும் இரட்டைக் குழல் துப்பாக்கி. அப்பா காலத்தது, தாத்தா காலத்தது. ரைட்டர் உரிமப் புத்தகத்தைப் பிரித்து எண்ணைச் சரிபார்ப்பார், தோட்டாக்களை எண்ணுவார், ரசீது கிழித்துக் கொடுப்பார். வங்கிக் காவலர்களுக்கும் துப்பாக்கி சுடும் போட்டி வீரர்களுக்கும் விலக்கு உண்டு. மற்றவர்கள் வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொண்டு போவார்கள்.

உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து என்று எழுதிக் கொடுத்து வாங்கிய ஆயுதம் அது. ஊரில் பதற்றம் கூடும் என்று அரசே கருதுகிற மாதங்களில் மட்டும் அது வீட்டில் இருக்காது. இதை எதிர்த்து யாரும் கொடி பிடித்ததாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கும் துப்பாக்கி அரசு இரவல் கொடுத்தது என்பதை வைத்திருப்பவரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார், கொடுத்தவரும் மறக்கவில்லை. 2016 முடிவில் உள்துறை அமைச்சகம் திரட்டிய கணக்கில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்துக்கும் மேல் உரிமங்கள். தமிழ்நாடு முழுவதற்கும் சுமார் 22 ஆயிரம். நம்மில் மிகப் பெரும்பாலோர் ஒரு துப்பாக்கியைக் கையில் தொடாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறவர்கள்.

அப்படிப்பட்ட ஊரில் ‘வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று பெற்ற பிள்ளை சொன்னால் எப்படி இருக்கும்?

நூம்பலுக்கு வழி கேட்பவர்களிடம் வேலப்பன்சாவடியில் இறங்கி உள்ளே வாருங்கள் என்போம். திருவேற்காடு நகராட்சிக்குள் அடங்கிய ஊர். புளியம்பேடும் அயனம்பாக்கமும் அக்கம்பக்கம். வயல்கள் லேஅவுட் ஆகி, அரை கிரவுண்டும் முக்கால் கிரவுண்டுமாகக் கைமாறி, வீடுகள் வந்தன. முதலில் வீடு கட்டியவர்களுக்கு இரண்டு பக்கமும் காலி மனை. பாம்புக்கும் திருடனுக்கும் ஒரே அளவு பயந்து அவர்கள் வராந்தாவுக்குக் கிரில் போட்டார்கள், பிறகு மாடிப்படிக்குக் கிரில், பிறகு மொட்டை மாடிக் கதவுக்கு இரும்புத் தகடு. காலி மனைகளில் வீடு எழும்பிய பிறகும் கிரில் கழற்றப்படவில்லை. அதன்மேல் கேமரா வந்தது. ஏ.கே. விஸ்வநாதன் சென்னை போலீஸ் கமிஷனராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்று தெருத் தெருவாகப் பிரசாரம் நடந்தது. அது புறநகர் வரை பரவி, இன்று நலச்சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் பாதிச் செய்திகள் கேமராப் பதிவுகள்தான். நள்ளிரவில் யாரோ ஒருவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறான். யாரென்று தெரியாது. அன்று முழுக்கத் தெருவே அவனைப் பற்றிப் பேசும்.

என் சித்தப்பா அங்கேதான் இருக்கிறார். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கனரக வாகனத் தொழிற்சாலை என்ற அதன் முழுப் பெயரை எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. 1961இல் தொடங்கிய அந்த ஆலையிலிருந்து 1965இல் விஜயந்தா வெளியே வந்தது. பிறகு அஜேயா, அர்ஜுன். பணிக்காலம் முழுக்க பீரங்கி வண்டிகளுக்கு நடுவே நின்றவரின் வீட்டில் இருக்கிற கூர்மையான ஆயுதம் தேங்காய் வெட்டும் அரிவாள். சித்தியும் அவரும் மட்டும்தான். மகன் டெக்ஸாஸில். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், வாட்ஸாப் குழுவில் வந்த செருப்பைக் கையில் பிடித்தவனை அவனும் பார்த்திருந்தான்.

“அப்பா, ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. லைசென்ஸுக்கு என்ன ஆகுமோ நான் அனுப்பறேன்.”

“ஏண்டா, மூட்டுவலி மாத்திரையை எங்க வெச்சேன்னு தினம் ரெண்டு தடவ தேடறேன். இதை எங்க வெச்சேன்னு திருடன்கிட்டயா கேக்கறது?”

சித்தி பின்னாலிருந்து ஒரே வாக்கியத்தில் முடித்தார்: “அந்தச் சனியன் உள்ள வந்தா, நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன்.”

சிரித்துவிட்டோம். ஆனால் அவன் சொன்னதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. கிரீன் கார்டு வந்த பிறகு அவன் ஒரு பிஸ்டல் வாங்கியிருக்கிறான். அங்கே 2021 செப்டம்பரிலிருந்து, சட்டப்படி தடை இல்லாத 21 வயதுக்காரர் உரிமம் இல்லாமலே இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடக்கலாம். வீட்டுக்குள் கைத்துப்பாக்கி வைத்துத் தற்காத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில் சொல்லிவிட்டது. அவன் வாழும் தெருவில் அது ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும் சாதாரண யோசனை, அக்கறையின் அடையாளம். பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மகனால் அப்பாவுக்கு அனுப்ப முடிந்தவை குறைவு. பணம் அனுப்பலாம், கேமராவைத் தன் ஃபோனில் இணைத்துப் பார்க்கலாம். நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் எழுந்து வர முடியாது. அந்த இடத்தில் ஒன்றை வைக்க நினைக்கிறான். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சட்டம் இதற்கு முற்றிலும் குறுக்கே நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தற்காப்புக்காக நீளக் குழல் கொண்ட சாதாரண வேட்டைத் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு உரிமம் வழங்க வேண்டும் என்றே தொடங்குகிறது. பொது அமைதி, பொதுப் பாதுகாப்பு என்ற காரணங்களைச் சொல்லி மறுக்கிற அதிகாரத்தையும் கூடவே வைத்திருக்கிறது. நடைமுறை அந்த இரண்டாவது பாதியில்தான் ஓடுகிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாநகரக் காவல் எல்லைக்குள் என்றால் கமிஷனர், வெளியே என்றால் கலெக்டர். 2016ஆம் ஆண்டு விதிகள் வந்த பிறகு மனநலம் உட்பட மருத்துவச் சான்று, பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி, பயிற்சி எல்லாம் சேர்ந்துகொண்டன. ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வருவார்கள். உங்களுக்கு யாரால் ஆபத்து என்று கேட்பார்கள். ‘பொதுவாகப் பயமாக இருக்கிறது’ என்பது பதிலாகாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுடுவதும் தனிக் குற்றம்.

அரசே வீட்டுக்குத் துப்பாக்கி விற்க முன்வந்த தருணமும் உண்டு. டெல்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் அரசுப் படைக்கலத் தொழிற்சாலை பெண்களுக்காக என்று ஒரு ரிவால்வரைக் கொண்டுவந்தது. பெயர் ‘நிர்பீக்’. அரை கிலோ எடை, .32 காலிபர், விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். இரவு பஸ்ஸில் வீடு திரும்பும் பெண்ணால் அந்த விலையை நினைத்துப் பார்க்க முடியாது. நினைத்துப் பார்க்க முடிகிறவர் பஸ்ஸில் வருவதில்லை. பாதுகாப்பான பேருந்து கேட்டவர்களுக்கு விலைப்பட்டியல் நீட்டப்பட்டது. அந்தப் பழக்கத்துக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஊர்க்காவல் என்பது ஒரு ஒப்பந்தமாக இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஒரு வரியே வருகிறது. பின்னாளில் தென்மாவட்டங்களில் காவல்காரர்கள் விளைச்சலில் பங்கு வாங்கிக்கொண்டு ஊரையும் மாட்டையும் களத்தையும் காத்தார்கள். மாடு காணாமல் போனால் அவர்கள் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். காவல் தவறினால் காவல்காரன் கைக்காசு போகும் என்ற அந்த நிபந்தனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அந்த முறையை உத்தமமானது என்று சொல்ல மாட்டேன். காவல் கூலி தராத ஊரில் அதே காவல்காரர்களே மாட்டைப் பிடித்துப் போய், துப்புக்கூலி வாங்கிக்கொண்டு திருப்பித் தந்த கதைகளும் உண்டு. ஆனாலும் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பர் 1ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் வெளியிட்டார். கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், இனிமேல் பாதுகாப்பைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். காவல் உரிமைகள் படிப்படியாகப் பறிக்கப்பட்டன. 1859இல் சென்னை மாகாணத்துக்குக் காவல் சட்டம் வந்தது. காவல் செய்த சாதிகளில் சில, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் இரவில் ரேகை வைக்க வேண்டியவர்களாக மாற்றப்பட்டன; 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் சுடப்பட்டார்கள். இதற்கிடையில் 1878இல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, வெள்ளையருக்கு விலக்குக் கொடுத்தது.

விசித்திரம் என்னவென்றால், அதே ஆட்சி எழுதிய தண்டனைச் சட்டம் தற்காப்பை மிகத் தாராளமாக அனுமதித்தது. 1837இல் மெக்காலேயின் குழு வரைவு எழுதும்போது, இந்தியர்கள் கொள்ளைக்காரர்களுக்கு அளவுக்கு மீறிப் பணிந்து போகிறார்கள், அவர்களிடம் எதிர்த்து நிற்கும் துணிவை வளர்க்க வேண்டும் என்று குறிப்பு எழுதியது. 1862இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் விதி 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவாகத் தொடர்கிறது: அந்தி சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்கும்போது மரணமே நேர்ந்தாலும் அது குற்றமாகாது. ஆனால் அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்திருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. தற்காப்புதான் என்று காட்ட வேண்டிய பொறுப்பும் சுட்டவர் தலையில். துணிவாக இரு என்று ஒரு சட்டம் சொன்னது, கையில் இருப்பதைக் கீழே வை என்று இன்னொரு சட்டம் சொன்னது. நடுவில் நின்றது மூன்றாவது வாக்கு: நாங்கள் வருவோம்.

விடுதலைப் போராட்டம் இந்தப் பேரத்தை மாற்றி எழுத நினைத்ததுண்டு. 1931 கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார், ஏற்கப்படவில்லை. பிரிவினையின் ரத்தம் காயாத காலம் அது. சுதந்திர இந்தியா கம்பெனியின் பேரத்தையே தொடர்ந்தது. நீ ஆயுதத்தை விடு, நான் காவல் தருகிறேன். காவல் தவறினால் ஈடு கட்டுவேன் என்ற பழைய நிபந்தனை மட்டும் எந்தப் பிரிவிலும் எழுதப்படவில்லை.

அந்தக் கடன் திரும்பி வராத இரவுகள் இருக்கின்றன. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பெரியபாளையம் அருகே தானாக்குளத்தில் 2005 ஜனவரி 9 அதிகாலை, கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளைக் குறிவைத்த பவாரியா கும்பல். ஐ.ஜி. ஜாங்கிட் தலைமையில் தனிப்படை ரேகைகளைத் தேடி வடமாநிலங்கள் முழுக்க அலைந்தது. 2017இல் ‘தீரன் அதிகாரம் ஒன்று’ படமாக அது ஊருக்கெல்லாம் தெரிந்தது. வழக்கில் தீர்ப்பு வர 2025 நவம்பர் ஆனது. பதவியில் இருந்த ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வீட்டுக்கே இந்தக் கதி என்றால் நம் கதி என்ன என்று அன்று பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரம் வீடு கட்டியிருந்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அண்மையில் அதே கேள்வி கொங்கு நாட்டிலிருந்து எழுந்தது. 2024 நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூவர் கொல்லப்பட்டார்கள். 2025 ஏப்ரல் இறுதியில் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரு முதிய தம்பதி. பிள்ளைகள் வெளியூரில், வீட்டைச் சுற்றித் தென்னை, அடுத்த வீடு கூப்பிடு தூரத்துக்கு அப்பால். தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி உரிமம் கொடுங்கள் என்ற கோரிக்கை அங்கே எழுந்தது. அதைக் கேட்டவர்களை வன்முறை விரும்பிகள் என்று யாராவது சொன்னால் அவர் இரவில் தோட்டத்து வீட்டில் படுத்ததில்லை என்று அர்த்தம்.

ஆனால் அந்தச் சம்பவங்களையே உற்றுப் பார்த்தால் துப்பாக்கி எங்கே பயன்பட்டிருக்கும் என்று தெரியவில்லை. இந்த மாதிரிக் கொலைகாரர்கள் பகலில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள். இரவில் வரும்போது தூங்குபவரைத் தேடி வருகிறார்கள். பீரோவில் பூட்டிய துப்பாக்கி தூக்கத்துக்குக் காவல் இருக்காது. பூட்டாமல் தலையணைக்கு அடியில் வைத்தால் அது சட்டத்துக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆகாது. எழுந்து, கண்ணாடியைத் தேடி, சாவியைத் தேடி, தோட்டாவைப் போட்டு, இருட்டில் நிற்பது திருடனா பக்கத்து வீட்டுக்காரரா என்று பார்த்துச் சுட வேண்டும். எழுபத்தைந்து வயதில்.

இதே தமிழ்நாட்டில் எதிர்த்து நின்று ஜெயித்த முதியவர்களும் உண்டு. 2019 ஆகஸ்டில் கடையம் அருகே கல்யாணிபுரத்தில், வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவரின் கழுத்தில் பின்னாலிருந்து துண்டைப் போட்டு இறுக்கினான் ஒருவன், அரிவாளோடு இன்னொருவன். உள்ளேயிருந்து ஓடிவந்த மனைவி கைக்குக் கிடைத்த செருப்பை வீசினார், வாளியை வீசினார். பிறகு இருவருமாக பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி விரட்டினார்கள். கேமராப் பதிவை நாடே பார்த்தது. சுதந்திர தினத்தன்று முதலமைச்சரின் சிறப்பு விருது கிடைத்தது. அந்தப் பதிவில் எனக்குப் படுவது நாற்காலி இல்லை. அவர் கத்தினார், உள்ளே அந்தக் கத்தலைக் கேட்க ஒருவர் இருந்தார், கேட்டதும் ஓடிவந்தார். இரண்டு பேர் விழித்திருந்தார்கள். ஆயுதம் அதற்கு அப்புறம்.

வீட்டுத் துப்பாக்கி வெளியாளை மட்டும்தான் சுடும் என்று நம்புவதற்கு உலக அனுபவம் இடம் தரவில்லை. கலிபோர்னியாவில் 2004 முதல் 2016 வரை சட்டப்படி கைத்துப்பாக்கி வைத்திருந்தவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். முடிவு 2022இல் வெளியானது. துப்பாக்கி இல்லாத வீட்டில் வாழ்பவர்களைவிட அவர்கள் கொலையாகும் விகிதம் இரண்டு மடங்குக்கு மேல். வீட்டுக்குள் வாழ்க்கைத்துணையால் சுடப்பட்டு இறக்கும் விகிதம் ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொள்பவர்கள். தனிமையில் இருக்கும் பெற்றோருக்குத் துப்பாக்கி அனுப்ப நினைக்கும் பிள்ளை, திருடனின் முகத்தை மட்டும் கற்பனை செய்கிறான். அப்பாவின் மனம் மிக இருண்டுபோகும் ஒரு பிற்பகலைக் கற்பனை செய்வதில்லை. சித்தி தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று சொன்னதில் இந்த ஆய்வின் சாரம் முழுவதும் இருந்தது.

நூம்பலிலிருந்து போரூர் வழியாகப் போனால் ராமாபுரம். 1967 ஜனவரி 12 மாலை எம்.ஜி.ஆர். தன் தோட்டத்து வீட்டில் இரண்டு விருந்தினர்களை வரவேற்றார். ஒருவர் தயாரிப்பாளர் வாசு, மற்றவர் எம்.ஆர். ராதா. அதற்குச் சற்று முன்புதான் மூவரும் சம்பந்தப்பட்ட ‘பெற்றால்தான் பிள்ளையா’ வந்திருந்தது. பேச்சின் நடுவே ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் பிழைக்கவில்லை. தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான துப்பாக்கிச் சூடு, யாரும் பூட்டை உடைக்காமல், கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு இடையில் நடந்தது.

துப்பாக்கியோடு நல்லபடியாக வாழும் சமூகம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். குடகில் கொடவர்களுக்கு வெள்ளையர் காலத்திலிருந்தே உரிம விலக்கு. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது, கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021இல் ஏற்றுக்கொண்டது. ஆண் குழந்தை பிறந்தால் வானை நோக்கி ஒரு வெடி, சாவுக்கு இரண்டு. செப்டம்பரில் கைல்போத் நாளில் துப்பாக்கிக்குப் பூவைத்துக் கும்பிடுவார்கள். அங்கே அது குடும்பத்துக்கும் குலத்துக்கும் நிலத்துக்கும் கட்டுப்பட்ட பொருள். கட்டுவதற்கு அந்தக் கட்டுகள் இருக்கின்றன. நூம்பல் லேஅவுட்டில் பக்கத்து வீட்டுக்காரரின் முழுப் பெயரே வாட்ஸாப்பில் ‘பிளாட் 14’ என்றிருக்கிறது. ஆவடியில் நரிக்குறவர் குடியிருப்பு உண்டு. தலைமுறை தலைமுறையாக நாட்டுத் துப்பாக்கியை நம்பிப் பிழைத்தவர்கள் அவர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையும் போயிற்று. பாசிமணி விற்பவரின் துப்பாக்கியைப் பார்த்தால் நமக்குச் சந்தேகம், நம் பீரோவில் இருந்தால் பாதுகாப்பு. உரிமம் கேட்டு எழும் குரல்களில் இந்தச் சமனின்மை எப்போதும் உண்டு. யாருக்கு எதிராக என்பதை யாரும் எழுத மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும்.

அரசே ஊர்க்காரர்களின் கையில் துப்பாக்கி கொடுத்த இடங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஜம்முவின் மலைக்கிராமங்களில் 1995 முதல் பாதுகாப்புக் குழுக்களுக்கு .303 ரைஃபிள்கள் கொடுக்கப்பட்டன. 2023 புத்தாண்டன்று ராஜௌரியின் டாங்ரி கிராமத்தில் பயங்கரவாதிகள் வீடு வீடாகச் சுட்டபோது, ஊர்க்காரர் ஒருவர் தன் ரைஃபிளால் திருப்பிச் சுட்டதில்தான் அவர்கள் ஓடினார்கள் என்று ஊரே சொன்னது. அதை மறுக்க எனக்கு மனமில்லை. ராணுவம் வந்து சேர நேரமாகும் மலை அது. இலங்கையில் எல்லைக் கிராமங்களுக்கு ஊர்காவல் படை என்று அரசு ஆயுதம் கொடுத்தது. 1992 ஏப்ரலில் பொலன்னறுவை மாவட்டத்து அழிஞ்சிப்பொத்தானையில் புலிகள் முஸ்லிம் மக்களைக் கொன்றார்கள். சில மணி நேரத்துக்குள் அருகில் முத்துக்கல், கரப்பொல என்ற தமிழ் ஊர்களில் பழிவாங்கும் கொலைகள் நடந்தன. அதில் ஊர்காவல் படையினர் இருந்தார்கள். வீட்டைக் காக்கக் கொடுத்தது பக்கத்து ஊருக்கு நடந்து போயிற்று. 2025 மே மாதம் அசாம் அமைச்சரவை, எளிதில் தாக்கப்படக்கூடிய பகுதிகளில் வாழும் மண்ணின் மைந்தர்களுக்கு ஆயுத உரிமம் தாராளமாக வழங்க முடிவெடுத்தது. யார் மண்ணின் மைந்தர், யார் இல்லை என்ற கேள்வி அந்த மாநிலத்தை நாற்பது ஆண்டுகளாக எரித்துக்கொண்டிருப்பது. அந்தக் கேள்விக்கு இனி தோட்டாவும் கிடைக்கும்.

இங்கேதான் என் மனம் ஒரு முடிவுக்கு வருகிறது. குடிமகன் துப்பாக்கி கேட்கும்போது அவன் அரசுக்குப் பழைய கடனை நினைவூட்டுகிறான்: ஆயுதத்தை வாங்கிக்கொண்டீர்கள், காவல் எங்கே? ‘இந்தா துப்பாக்கி’ என்று அரசு கொடுத்துவிட்டால் அதைப் பலர் கருணை என்று நினைக்கிறார்கள். கடன்காரன் தன் கடனைத் தானே தள்ளுபடி செய்துகொள்வது அது.

காவல் எப்படி இருக்கும் என்பது எங்கள் தெருவுக்கு ஓரளவு தெரியும். சில வீடுகளின் கேட்டை ஒட்டி ஒரு ஆணியில் சிறிய நோட்டு தொங்கும். பட்டா புத்தகம் என்பார்கள். இரவு ரோந்து வரும் போலீஸ்காரர் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அதில் நேரம் போட்டுக் கையெழுத்துப் போடுவார். மழைக்கு நனையாமல் அதற்குப் பிளாஸ்டிக் உறை. சில பக்கங்களில் கையெழுத்துகள் அடுத்தடுத்து இருக்கும். சில பக்கங்களில் ஒரே மையில், ஒரே சாய்வில், நாலு இரவுக்குச் சேர்த்துப் போட்டது தெரியும். சித்தப்பா ஓய்வு பெற்ற சோதனைப் பிரிவுக்காரர்; அந்தச் சாய்வைக் கண்டுபிடித்துவிடுவார். நலச்சங்கக் கூட்டத்தில் அந்த நோட்டைத் தூக்கிக் காட்டிக் கேட்டவரும் அவர்தான். அடுத்த வாரம் உதவி ஆய்வாளர் தெருவுக்கு வந்தார். எரியாத தெருவிளக்கு எரிந்தது, முட்புதர் மண்டிய மனையின் சொந்தக்காரருக்கு நகராட்சியிலிருந்து நோட்டீஸ் போனது, தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியலை ஸ்டேஷன் வாங்கிக்கொண்டது. ஆவடி தனிக் கமிஷனரகமாகி 2022 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது இதற்காகத்தானே. இது போதுமா? போதாது. ரோந்து வண்டி ஒன்று, தெருக்கள் நூறு. ஆனால் கேட்டதால் வந்தது.

துப்பாக்கி அந்தக் கேட்பை நிறுத்திவிடும் என்பதுதான் என் பயம். ஒருவருக்கு உரிமம் கிடைத்தால் அவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்துவார். நமக்குத்தான் இருக்கிறதே என்பார். பக்கத்து வீட்டுக்காரர் தனக்கும் ஒன்று வேண்டும் என்பார், திருடனுக்காக மட்டும் இல்லாமல் இவருக்காகவும். அன்பின் பெயரால் அப்பாவைப் பாதுகாக்க நினைத்த மகன், அப்பாவையே அந்த வீட்டின் இரவுக் காவலாளி ஆக்கியிருப்பான். சம்பளம் இல்லாத, ஓய்வு இல்லாத, எழுபத்தைந்து வயதுக் காவலாளி. இத்தனை வருடம் வரி கட்டியது அந்த வேலையை இன்னொருவர் பார்ப்பதற்காக.

போன ஞாயிறு டெக்ஸாஸ் தம்பியிடம் இதைச் சொன்னேன். “நீங்க சொல்றதெல்லாம் சரி. நாளைக்கு ஏதாவது ஆனா யார் பதில் சொல்வாங்க?” என்றான். அந்தக் கேள்வியை விட்டுவிடாதே என்றேன். இன்று அதைக் கமிஷனரிடம் கேட்கலாம், கலெக்டரிடம் கேட்கலாம், ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேட்கலாம். சித்தப்பா வீட்டு பீரோவில் ஒரு துப்பாக்கி வந்து உட்கார்ந்த மறுநாளிலிருந்து அது அவரைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வியாகிவிடும். போலீஸ் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். கையில்தான் இருந்ததே, ஏன் சுடவில்லை என்பார்கள்.